குளச்சல் மாடிக்கு மேலே இரண்டாவது சுற்று

மக்களே, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "மோசமான வானிலை பத்தி ஒரு பக்கம் போதும் சார்" என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்கும் சங்கதி எல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நீங்கள் உருப்போட்டு, எழுதிப் பாஸாகி, இந்நேரம் மறந்தும் இருப்பீர்கள். நானும் அப்படித்தான். அதனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். நான் செய்த மடத்தனம் அது. கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு உண்மை. நம் வேலைக்கு ஊரில் மரியாதை குறைவு. நாலு சீட்டு விமானத்தில் ஆட்களை ஏற்றி அரை மணி நேரம் ஊரைச் சுற்றிக் காட்டி இறக்கிவிடுகிறவனை யாரும் பைலட் என்று ஒத்துக்கொள்வதில்லை. குழித்துறையில் என் சொந்த மச்சானே கல்யாண வீட்டில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவரு ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு, மேல வச்சு" என்பான். உங்களுக்கும் இப்படி ஒரு மச்சான் வாய்ப்பான். சிரித்துவிட்டுப் பாயசம் குடியுங்கள்.

வெளியூர்க்காரர்கள் வந்தால் பாறையைக் காட்டு, சிலையைக் காட்டு, கடல் நிறம் மாறுகிற இடத்தைக் காட்டு என்பார்கள். நம் மாவட்டத்துக்காரருக்கு அதெல்லாம் வேண்டாம். அவருக்குத் தன் வீட்டைப் பார்க்க வேண்டும். காலையில் கிளம்பும்போதே வீட்டில் யாரையாவது மொட்டைமாடியில் நிறுத்திவிட்டு வருவார். கீழே இருப்பவர் துணியை வீச, மேலே இருப்பவர் கையை வீச, நான் சுற்றி வர வேண்டும். மயிலாடியில் ஒரு சிற்பி தன் பட்டறை முற்றத்தில் முப்பது கற்சிலைகளுக்கு நடுவே நின்று கையாட்டினார். அவர் மகள் கடைசி வரை அப்பாவைக் கண்டுபிடிக்காமல் ஒரு பிள்ளையாருக்கு டாட்டா காட்டிவிட்டு இறங்கினாள். இந்த மாடி வழக்கம் உங்கள் புத்தகத்தில் இருக்காது. நம் தொழிலின் பாதி இதுதான்.

அது மே மாதக் கடைசி. எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இன்றைக்கோ நாளைக்கோ என்று கரையில் எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வாரம். காலையில் வானம் சுத்தமாக இருந்தது. மதியத்துக்கு மேல் மழை வரலாம் என்று அறிக்கை சொன்னது. ஆரல்வாய்மொழிப் பக்கம் இருந்த எங்கள் சின்ன ஓடுதளத்துக்கு ஒன்பது மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். சாகுல், குளச்சல்காரன், பன்னிரண்டு வருஷமாக சவுதியில் வேலை. அவன் அக்காள், அவன் ராத்தா என்று கூப்பிட்டதால் நானும் ராத்தா என்றே எழுதுகிறேன். குளச்சலில் ஜவுளிக்கடை நடத்துகிறவள், வாய் கொஞ்சம் நீளம். மூன்றாவது, சாகுலின் மகள் ஆயிஷா, நாலாம் வகுப்பு.

சாகுல் புதிதாக மாடி வீடு கட்டியிருந்தான். சரியாகச் சொன்னால், அவன் பணம் அனுப்ப, மனைவி பாத்திமா நின்று கட்டியிருந்தாள். அவன் அந்த வீட்டை வீடியோ காலில் அறை அறையாகப் பார்த்தவன். முழு வீட்டையும் ஒரே பார்வையில் மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

"வீட்டுக்காரி வரலியா?" என்று கேட்டேன்.

"அவ மாடியில நிக்கா கேப்டன். 'வீட்டக் கட்டினதே எனக்குப் போரும், பறந்து வேற பாக்கணுமா'ன்னு சொல்லிட்டா. கையில செவப்புப் புதப்பு வச்சிருப்பா, நான் சவுதியில இருந்து கொண்டு வந்தது. அத வீசுவா. அதுதான் அடையாளம்."

"அந்தக் கம்பளிப் புதப்பா? அத மடிக்கவே ரெண்டு ஆள் வேணுமே."

"அவ வீசுவா" என்றான் பெருமையாக.

ராத்தா முக்காட்டுக்கு மேலே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "இதுல பாட்டு ஒண்ணும் கேக்காதா?" என்று விசாரித்தாள். கிளம்பினோம்.

பத்துப் பதினைந்து நிமிஷத்தில் குளச்சல். கிளிப்பச்சையில் வண்ணம் அடித்த வீடு, தேடவே வேண்டாம். மாடியில் பாத்திமா அந்தப் புதப்பை உண்மையாகவே வீசிக்கொண்டிருந்தாள். மனுஷிக்கு என்ன கை பலம்! ஆயிஷா ஜன்னலில் மூக்கை நசுக்கிக்கொண்டு "உம்மா! உம்மா!" என்று கத்தினாள். சாகுல் போனைப் பிடித்துப் படம் எடுத்தான். கண்ணீர் வேறு. நானும் ஒரு சுற்று நிதானமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, கன்னியாகுமரிப் பக்கம் திரும்ப இருந்தேன்.

அப்போது சாகுல் போனைப் பார்த்துவிட்டு, "எனக்க படைச்சவனே!" என்றான். கேமரா உள்பக்கம் திரும்பிக் கிடந்திருக்கிறது. வீடு இல்லை, பாத்திமா இல்லை, புதப்பு இல்லை. இரண்டு நிமிஷமும் அவனுடைய மூக்குத் துவாரம்.

"ஒருக்கா கூடி கேப்டன். ஒரேயொரு வட்டம். நான் செவ்வாக்கிழம திரும்பிப் போறேன். இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்."

நான் கடலைப் பார்த்தேன். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். மேற்கே, கடலும் வானமும் சேரும் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு கிடந்தது. பார்த்த உடனே அது என்ன என்று எனக்குத் தெரியும். வந்து சேர இருபது நிமிஷம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். சுற்றுக்கு நாலு நிமிஷம், போதும் என்றும் போட்டேன். அந்த நேரத்தில் பின்சீட்டிலிருந்து ராத்தா, "நம்ம ஊர் கேப்டன்லா, நினைச்சா நடக்கும். மெட்ராஸ்காரன் ஓட்டினா நான் கேக்கவே மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் நான் உச்சி குளிர்ந்துபோனேன். ஜவுளிக்கடைக்காரி, வேண்டாத சேலையையே வாங்க வைப்பாள். என்னிடம் ஒரு சுற்று வாங்குவதா கஷ்டம்?

இரண்டாவது சுற்றை இன்னும் சிறப்பாகச் செய்து காட்ட நினைத்தேன். வெளிச்சம் வீட்டின் முகத்தில் விழுகிற மாதிரி, கடல் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி வந்தேன். நாலு பேரும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தோம். சாகுல் இந்தத் தடவை கேமராவை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு நீட்டினான். பிறகு அவன் முகம் சுருங்கியது.

பாத்திமா புதப்பை வீசவில்லை. புதப்பு கைப்பிடிச் சுவரில் கிடந்தது. அவள் குனிந்து, மாடியில் பாய் விரித்து உலர்த்தியிருந்த மரச்சீனிக் கிழங்கு வற்றலை இரண்டு கையாலும் வாரி அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"கண்டியளா ராத்தா!" என்றான் சாகுல். "நான் ஆகாசத்துல வந்து நிக்கேன். அவ கிழங்கு வத்தல் வாரிட்டு நிக்கா!"

"ரெண்டு மூடு பிடுங்கின கிழங்குலே அது. நனஞ்சா பூசணம் பூத்துப் போவும். ஒன் மூஞ்சியப் பொறவும் பாத்துக்கிடலாம்" என்றாள் ராத்தா.

நனைந்தால் என்று அவள் சொன்னது எனக்கு உறைப்பதற்குள் ஆயிஷா சொன்னாள்: "வாப்பா, எல்லா மாடியிலயும் ஓடுறாவ."

பார்த்தேன். தெரு முழுக்க அதே கதை. ஒரு மாடியில் கொடியிலிருந்து துணியை உருவுகிறார்கள். இன்னொன்றில் கருவாட்டுப் பாயைச் சுருட்டுகிறார்கள். ஒருவர் தார்ப்பாயோடு மல்லுக்கட்டுகிறார். குளச்சலில் மழை வருவது தெரியாத ஆள் அந்த நேரத்தில் நான் ஒருவன்தான். அதுவும் எல்லாரையும்விட உயரத்தில் உட்கார்ந்திருந்தேன். தலையைத் திருப்பினேன். விரல் அகலக் கோடு போய், கடல் இருந்த இடத்தில் கறுப்புச் சுவர் நின்றது. மீன்பிடித் துறைமுகத்தின் வெளிச்சுவர்கூட மறைந்துவிட்டிருந்தது. இருபது நிமிஷம் என்று நான் போட்ட கணக்குக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

முதல் காற்று வந்து இடித்ததில் விமானம் சடாரென்று கீழே இறங்கியது. ராத்தா பின்னாலிருந்து என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். தரை இறங்கும் வரை விடவில்லை.

இப்போது எனக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். மூன்று உயிரையும் என்னையும் எங்கே கொண்டுபோய் இறக்குவது? கை தானாக ஓடுதளத்தின் பக்கம் திருப்பியது. நேரே நாகர்கோவில், அதைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய், வீடு. பத்துப் பதினைந்து நிமிஷம். ரேடியோவில் எங்கள் மேலாளரும் கூப்பிட்டார். அடுத்த சுற்றுக்கு ஒரு புதுமாப்பிள்ளையும் பெண்ணும் காத்திருந்தார்கள்.

"சீக்கிரம் வாங்க கேப்டன். இங்க நல்ல வெயில். காத்தே இல்ல. காத்தாடிகூட ஒண்ணும் சுத்தல."

அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார். ஆனால் மக்களே, ஆரல்வாய்மொழியில் மின்சாரம் எடுக்கும் அந்தப் பெரிய காற்றாடிகள் ஆனி ஆடிக் காற்றுக்கு முன்னோட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடும் மாதம் அது. காலை பத்து மணிக்கு அத்தனையும் ஒரேயடியாக நின்றால் அது நல்ல சகுனம் இல்லை. மேற்கே இவ்வளவு பெரிய மழை கிளம்பி வரும்போது கணவாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விடும்போது அந்த இடுக்கு வழியாகத்தான் மொத்தமும் பாயும்.

என்னைப் பழக்கிய ஆசிரியை ஒருவர் இருந்தார். கண்டிப்பானவர், திட்டினால் மதியச் சாப்பாடு இறங்காது. அவருக்கு ஒரு பழக்கம். ஆபத்து என்றால் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க மாட்டார். என்னென்ன செய்யப்போவதில்லை, அதை முதலில் வாயால் சொல்லு என்பார். மனசுக்குள் சொல்லக்கூடாது, சத்தமாகச் சொல்ல வேண்டும். பயிற்சியில் அது எனக்குக் கேலியாக இருந்தது. அன்றைக்குச் சத்தமாகவே சொன்னேன்.

"கணவாய்க்குள்ள போகமாட்டேன். மேகத்துக்குள்ள போகமாட்டேன்."

எல்லார் காதிலும் ஹெட்செட் இருந்ததை மறந்துவிட்டேன். ராத்தா கேட்டாள்: "ஓய் கேப்டனே, பொறவு எங்கணதான் போவீரு?"

நல்ல கேள்வி. இரண்டு கதவைச் சாத்திய பிறகு மிச்சம் இருந்தது ஒரு வழிதான். கரையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே ஓடி, கன்னியாகுமரியைச் சுற்றி, மலையை விட்டு விலகி, கிழக்கே மழை எட்டாத சமவெளிக்குப் போய், தூத்துக்குடியில் இறங்குவது. முக்கால் மணி நேரம். எரிபொருள் இருந்தது. இல்லாதது என் கௌரவத்துக்கு இடம். ஷேர் ஆட்டோக்காரன் பெரிய விமான நிலையத்தில் போய், மழைக்குப் பயந்து வந்தேன் ஐயா என்று நிற்க வேண்டும். மேலாளரிடம் சொன்னேன். "தூத்துக்குடியா! இந்த வெயிலுக்கா?" என்றார். ரேடியோவில் அவரோடு வாதம் செய்ய எனக்கு நேரம் இல்லை.

முட்டம் தாண்டும்போது மழை எங்களைப் பிடித்தது. கண்ணாடி வெள்ளையாகப் போனது. கீழே பாறையில் அலை உடைகிற நுரை மட்டும்தான் தெரிந்தது, அதையே பிடித்துக்கொண்டு போனேன். அது மறைந்தால் எது மேலே எது கீழே என்று எனக்கே தெரிந்திருக்காது. எனக்குப் பயமாக இருந்தது. ஆயிஷா வாந்தி எடுத்தாள். அவசரத்தில் ராத்தா நீட்டியது தன் புதுக் கைப்பையை. சாகுல் ஒரு கையால் பின்னால் மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். போன் எங்கோ காலடியில் உருண்டு கிடந்தது.

மணக்குடிப் பக்கம் வரும்போது ரேடியோ கரகரத்தது. மேலாளரின் குரல், ஆனால் வேறு ஆள் போல இருந்தது.

"கேப்டன், வராதீங்க! இங்க வராதீங்க! ஷெட்டுக்க தகரம் பறக்கு!"

கணவாய் மூச்சை விட்டுவிட்டது. நேரே போயிருந்தால் அந்த நிமிஷம் நாங்கள் சரியாக அதன் வாயில் இருந்திருப்போம். நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

கன்னியாகுமரியைச் சுற்றித் திரும்பியதும் முன்னால் வெளிச்சம். கிழக்குக் கரை காய்ந்து கிடந்தது, மணல் தேரி செக்கச் செவேலென்று. அவ்வளவு அழகான பொட்டல் காட்டை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. தூத்துக்குடியில் கட்டுப்பாட்டு அறைக்காரர் என்னை மழைக்குப் பயந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாக வழி சொன்னார். இறங்கினோம். சக்கரம் நின்ற பிறகு ராத்தா என் காலரை விட்டாள். கழுத்தில் சிவப்பாகத் தடம். அவள் கேட்ட முதல் கேள்வி: "இங்கண நல்ல மக்ரூன் எந்தக் கடையில கிட்டும்?"

சாகுல் மனைவிக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான், மறுபடி. பத்துப் பதினோரு தடவை ஆகியிருக்கும். பிறகு ஆயிஷாதான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள். கடைசியில் பாத்திமா எடுத்தாள்.

"இறங்கியாச்சா? எனக்க பிள்ள எங்க?"

"இறங்கியாச்சு. எல்லாரும் இங்கதான் நிக்கோம். ஏட்டி, நீ எங்க நிக்க? என்ன இரச்சல் அது?"

"மாடியில."

"மழ இல்லியா அங்க?"

"பெய்யுது. நீங்க மேகத்துக்குள்ள போனத பாத்துட்டு நின்னேன். பொறவு காணல. அதான் நிக்கேன்."

சாகுல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வற்றல் வாரியதைப் பற்றி அதன் பிறகு அவன் பேசவில்லை.

அன்று மாலை காரில் ஊர் திரும்பியபோது நான் பெரிய மனுஷன். சாகுல் கட்டிப்பிடித்தான். மேலாளர் டீ வாங்கிக் கொடுத்தார், அதுவே அபூர்வம். என் மச்சான் போன் பண்ணி, "பைலட்டுதான்யா நீரு" என்றான். சம்பவ அறிக்கை எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில், "வானிலை திடீரென மாறியது, முன்கூட்டிக் காண வாய்ப்பில்லை" என்று எழுதினேன். கை கூசவில்லை. மேலாளர் படித்துவிட்டு, பிரமாதம், எல்லாருக்கும் நல்லது என்றார்.

மறுநாள் காலை பாத்திமா ஓடுதளத்துக்கு வந்தாள். தனியாக, பஸ் மாறி மாறி. வருகிறாள் என்று காவலாளி சொன்னதும் நான் தலை சீவி, தொப்பி வைத்து, நன்றியை வாங்கத் தயாராக நின்றேன். வந்தவளுக்கு ஜலதோஷம், குரல் அடைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் அண்ணே. முதல் வட்டம் சுத்தும்போதே கடல்ல கறுத்துக் கிடந்துது. நான் கண்டேன். போயிருவியன்னு நினைச்சேன். பொறவும் வந்திய. நீங்க அத பாத்தியளா, பாக்கலியா?"

பார்க்கவில்லை என்று சொன்னால் நம்பியிருப்பாள். நம்புவதற்காகவே வந்தவள் மாதிரி நின்றாள். எனக்கு என்ன தோன்றியதோ.

"பாத்தேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "எனக்க மூணு பேரும் அதுக்குள்ள இருந்தாவ அண்ணே" என்றாள். அவ்வளவுதான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் நிற்கும் திசையில் நடந்துபோனாள்.

மேலாளரிடம் போய் அறிக்கையைத் திருப்பிக் கேட்டேன். அடித்துவிட்டு வேறு எழுதினேன்: மேகத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகும் பயணி கேட்டார் என்று இரண்டாவது சுற்று போனேன். தவறு என்னுடையது.

மேலாளர் தலையில் கை வைத்தார். "உமக்குக் கிறுக்கா? நீர் பாத்தது யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் என்னைப் பறக்க விடவில்லை. தராசுப் பக்கம் நின்று பயணிகளின் எடையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.